துருத்தி ஊதியதற்குத் தண்டனை

1913 யூலை 9. ரூர் டி பிரான்ஸ் துவிச்சக்கரவண்டிப் போட்டி பிரனீஸ் மலைகளைக் கடந்துகொண்டிருந்தது. துர்மலே கணவாயிலிருந்து இறங்கிய பிரெஞ்சு வீரர் யூஜின் கிறிஸ்தோப்பின் வண்டியில், முன்சில்லைத் தாங்கும் கவை முறிந்தது. ஒட்டுமொத்த வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வேளை அது.

அக்கால விதி கொடியது. வண்டியை மாற்றலாகாது, பிறர் கைபடவும் கூடாது. வண்டியைத் தோளிற் சுமந்து, சுமார் 2 மணி நேரம் நடந்து, சென் மரி த கம்பன் என்னும் கிராமத்துக் கொல்லுலையை அவர் அடைந்தார். இளமையில் பூட்டுத் தொழில் பயின்றவர் என்பதால் உலோக வேலை அவருக்குப் புதிதன்று. போட்டி அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, இரும்பைக் காய்ச்சி, அடித்து, கவையைத் தாமே ஒட்டினார்.

ஆனால் உலைவேலை ஒருவருடைய இரு கைகளுக்குள் அடங்குவதா? ஒருவர் இரும்பைப் பிடிக்க, இன்னொருவர் துருத்தி ஊதவேண்டும். அங்கிருந்த சிறுவன் ஒருவன் ஊதினான். அதுவே வெளியுதவி எனக் கொள்ளப்பட்டு 10 நிமிடத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது 3 நிமிடமாகக் குறைந்தது. ஏற்கெனவே மணிக்கணக்கில் பின்தங்கிவிட்ட ஒருவரிடம் இந்த நிமிடங்களையும் பிடுங்கியதை நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இறுதியில் அவருக்குக் கிடைத்தது 7ஆம் இடம்.

1919 இல் மஞ்சள் மேலாடை அறிமுகமானபோது, அதை முதலில் அணிந்தவர் இதே கிறிஸ்தோப்தான். முன்னணியில் இருந்தவருக்கு வலன்சியன் நகரருகே மீண்டும் கவை முறிந்தது. மீண்டும் தாமே திருத்தினார், முதலிடம் போயிற்று. மனமிரங்கிய மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

ரூர் டி பிரான்ஸை அவர் ஒருபோதும் வென்றதில்லை.