பம்பரமும் பரம்பமும்

வியாழக்கிழமை என்றால் விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயக் கூட்டத்தைத் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். போன வியாழன் அப்படி வந்து சேர்ந்தால், மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர் நிற்கிறார். ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர், டெம்போ ஓட்டுகிறார். கையில் மகளின் விண்ணப்பம், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தது.

"சார், பேங்க்ல இருக்கீங்க, இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

(பேங்கில் இருப்பவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா ஃபாரமும் அத்துப்படி என்று ஒரு நம்பிக்கை. :-) )

அந்தப் பெண்ணுக்கு டீச்சர் ஆக வேண்டும். மைசூர் மண்டலக் கல்வி நிறுவனத்தில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்புதான் கனவு. அவளுக்கு டிஸ்லெக்சியாவும் உண்டு. விண்ணப்பத்தில் 'மாற்றுத்திறனாளியா?' என்று ஒரு கட்டம். அப்பா 'இல்லை' போடச் சொல்கிறார். "எழுத்துக் கூட்டிப் படிக்கிற பொண்ணுன்னு தெரிஞ்சா டீச்சருக்குப் படிக்க எவன் சார் சேப்பான்?"

அந்தக் கேள்விக்கு என் வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. என் தம்பி 'பம்பரம்' என்பதைப் 'பரம்பம்' என்று எழுதுவான். கணக்கை வாயால் கேட்டால் எனக்கு முன்னால் விடை சொல்வான். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் நடத்தியது அவன்தான், பி.காம். படித்த நான் இல்லை. 2000-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தான். மதிப்பெண் போதவில்லை. பள்ளியில் அவனுக்கு வைத்த பெயர் மக்கு. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

இத்தனைக்கும் விஷயம் புதிது இல்லை. 1896-லேயே பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதிவிட்டார். புத்திசாலி, கணக்கில் கெட்டி, ஆனால் சொந்தப் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதுவான். எல்லாப் பாடத்தையும் வாய்வழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதாக அதில் வருகிறது. படித்தபோது எனக்குத் தம்பி முகம்தான் தெரிந்தது.

1963-ல் சிகாகோவில் கூடிய பெற்றோர்களிடம் சாமுவேல் கிர்க் 'கற்றல் குறைபாடு' என்ற சொல்லைச் சொல்லிப் பரப்பினார். மைசூர்க் கல்லூரி தொடங்கியதும் அதே 1963-ல்தான். ஆனால் அந்தச் சொல் நம் ஊர் ஃபாரத்துக்குள் நுழைய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகை இருந்தன. பார்வை, செவி, கை கால் என்று போகும் அந்தப் பட்டியலில் எழுத்து இடம் மாறுகிறவனுக்கு இடமில்லை. கல்லூரிகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருந்தும் என் தம்பிக்கு டிக் அடிக்க ஒரு கட்டம் கிடையாது.

2007 டிசம்பரில் 'தாரே ஜமீன் பர்' வந்தது. ஊரே அழுதது. சட்டம் மாற மேலும் ஒன்பது வருடம்! 2016 சட்டம்தான் ஏழை 21 ஆக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடத்தில் பங்கு உண்டு. 2018 விதிகள் சோதனைக்கு எடுத்துக்கொண்டது நம் ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ் உருவாக்கிய முறையை. எட்டு, பதினாலு, பதினெட்டு வயதுகளில் சான்றிதழ், பதினெட்டில் வாங்கியது ஆயுள் முழுவதற்கும் என்றன அந்த விதிகள்.

கீழ்வீட்டுக்காரருக்கு நான் சொன்னது இன்னொரு கதை. 2021-ல் அவ்னி பிரகாஷ் என்ற மாணவி நீட் எழுதப் போனார். எழுதுவதில் குறைபாடு, 40 சதவீதச் சான்றிதழ் கையில். சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையத்தில் தரவில்லை. உச்ச நீதிமன்றம் நவம்பரில் அது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை; நியாயமான பரிகாரம் என்ன என்று பார்க்கும்படி தேர்வு முகமைக்கு உத்தரவு. இவர் மகள் எழுதப் போகும் ஆசிரியர் படிப்பு நுழைவுத் தேர்வையும், 2023-ல் ஆரம்பித்தது, அதே முகமைதான் நடத்துகிறது.

"சான்றிதழ் இருந்தவங்களுக்கே இந்தக் கதின்னா, 'இல்லை'ன்னு போட்டுட்டு அங்க போய் நேரம் கேக்க முடியுமா?" என்றேன்.

பேசாமல் இருந்தார். பிறகு, "நாளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது இது வெளிய வருமா சார்?" என்றார். அதுதான் உண்மையான பயம். வெளியே வராது என்று உறுதி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தாலும் பரவாயில்லை என்று அடுத்தவர் மகளைப் பற்றிச் சொல்ல நான் யார்?

ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். அருப்புக்கோட்டையிலேயே டூவீலர் பட்டறை வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கிட்ட போனைக் குடுண்ணே, நான் பேசுறேன்" என்றான். சனிக்கிழமை அவள் மாடிக்கு வந்தாள். முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. போகும்போது, "அங்கிள், சர்டிபிகேட்டை எத்தனை கேபிக்குள்ள ஸ்கேன் பண்ணணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருக்கிறது.