காரைக்கால் பகுதிப் பெண்களின் மனச்சோர்வும் மருத்துவம் பெறுவதில் உள்ள தடைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சார்ந்த ஊர் போலகம். இவ்வூருக்கு நாகப்பட்டினம் மிக அண்மையில் உள்ளது. நிருவாகத் தலைமையிடமான புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிருவாகம் நீங்கிய பின்னும் அதன் எல்லைக்கோடு நீங்கவில்லை. மனச்சோர்வுற்ற பெண்கள் மருத்துவம் பெறாமைக்கு அறியாமையும் வறுமையும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அமைதியாகத் துன்புறுவோரைக் காணும் வகையில் மனநல நிறுவனங்கள் உருவாகாமையே முதன்மைத் தடை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

காப்பக மரபு

சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோயர் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. குடும்பத்திற்கோ பொது ஒழுங்கிற்கோ இடையூறாகக் கருதப்பட்டோரை அடைத்து வைப்பதே அக்காலக் காப்பகங்களின் முதன்மை நோக்கம். உறக்கமும் பசியும் இழந்த நிலையிலும் வீட்டுவேலையை விடாது செய்யும் பெண் அவ்வரையறைக்குள் வரவில்லை. அவர் தம் துயரை ‘உடம்பு அசதி’, ‘நெஞ்சுப் படபடப்பு’ என்றே சொல்வார். மருத்துவமும் உடலோடு நின்றுவிடும். 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் தீயில் மாண்டனர். அதன்பின் எழுந்த விவாதமும் கடும் மனநோயையே மையமாகக் கொண்டது. 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. பின்னதன் முதல் நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் காரைக்கால் கடற்கரையும் பேரிழப்பைச் சந்தித்தது. அண்டையிலுள்ள நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டபின் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்குக் கருக்குழாய் மறு இணைப்பு அறுவையை இலவசமாகச் செய்ய தமிழக அரசு முன்வந்தது. அதனை விரும்பி நாடிய பெண்களும் உளர். எனினும், தாயின் இழப்பு கருப்பையின் வழியாகவே அளக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. பிள்ளையை இழந்த துயர் மற்றொரு பேற்றால் தீர்வதன்று. அதற்கு நெடுங்காலத் துணை வேண்டும்.

கணக்கெடுப்பின் எல்லை

2015–16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களில் நடைபெற்றது. தமிழ்நாடு அவற்றுள் ஒன்று, புதுச்சேரி இடம்பெறவில்லை. மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநலக் குறைபாடு உடையோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என அவ்வாய்வு கண்டது. தற்கொலை வீதம் மிகுந்த பகுதிகளுள் ஒன்றாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளில் புதுச்சேரி பல ஆண்டுகள் இடம்பெற்றிருப்பதை நோக்க, இவ்விடுபாடு சிறியதன்று. போலகத்துப் பெண் தமிழ்நாட்டுத் தரவிலும் இல்லை. தம் ஒன்றியப் பகுதிக்கெனத் தனித்தரவும் அவ்வாய்வில் இல்லை.

முடிவுரை

2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 18ஆம் பிரிவில் மனநல மருத்துவம் பெறுவதை உரிமையாக்கியது. ஆயினும், தம் துயரை நோயென அறியாத பெண் அவ்வுரிமையைக் கோரி வரமாட்டார். ஆதலின், கருவுற்ற தாய்மாரைச் சந்திக்கும் கிராமச் செவிலியரே உறக்கம், பசி, மனநிலை குறித்துக் கேட்டறிதல் வேண்டும். எல்லை கடந்து அண்மை மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கும் முறையும் இருமாநிலத் தரவுப் பகிர்வும் வேண்டும். காப்பகம் நோயாளி கொண்டுவரப்படும் வரை காத்திருந்தது. இனி மருத்துவம் அவரைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.