தட்டினால் ஏன் படம் வந்தது?



"சார், பழைய டி.வி.யை ஓங்கி ஒரு தட்டு தட்டினால் படம் வருமே, எப்படி?" என்று போன வாரம் ஒரு மாணவர் கேட்டிருந்தார். ஒரு வரி விடை: டிரை சால்டர். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நம் பொற்கொல்லர்கள் பற்றாசு என்பதும் மெக்கானிக் சால்டர் என்பதும் ஒரே வேலைக்குத்தான். டி.வி.யில் வைத்தது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. 63-க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரி செல்சியஸில் உருகும்.

ஆரம்ப கால டி.வி.களில் போர்டே கிடையாது. ஒயரை முறுக்கிக் கையால் பற்றவைத்தார்கள். வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936-இல் இங்கிலாந்துக்கு வந்து, செப்புத் தகட்டில் அச்சுப்போல சர்க்யூட் செய்து காட்டினார். ஒரு கம்பெனி அவரைத் திருப்பி அனுப்பியது. இந்த வேலைக்குப் பெண்பிள்ளைகள் குறைந்த கூலிக்குக் கிடைக்கிறார்களாம்! உலகப்போர் வந்த பிறகுதான் அச்சு சர்க்யூட்டுக்கு மதிப்பு வந்தது.

1950-களில் அமெரிக்க டி.வி.களுக்குள் போர்டு நுழைந்தது. வால்வுகளின் சூட்டில் போர்டு கருகியது, பற்று விட்டது. ஜெனித் கம்பெனி இதையே விளம்பரமாக்கியது: எங்கள் செட் கைவேலை, அச்சு சர்க்யூட் கிடையாது என்று. பாதி உண்மை, பாதி வியாபாரம் என்பேன். பின்னாளில் அவர்களும் போர்டுக்கு மாறினார்கள்.

பற்று ஏன் விடுகிறது? எட்டாம் வகுப்பில் படித்த வெப்ப விரிவுதான். செட் ஓடும்போது சூடு, அணைத்தால் குளிர்ச்சி. பாகம் ஓர் அளவு விரியும், போர்டு வேறு அளவு விரியும். நடுவில் மாட்டிய சால்டர் தினமும் இழுபட்டு, பின்னைச் சுற்றி மோதிரம்போல மெல்லிய விரிசல் விழும். கனமும் சூடும் சேர்ந்த எல்.ஓ.டி. காலடியில்தான் பெரும்பாலும் தொடங்கும். தட்டினால் விரிசல் ஒரு கணம் சேரும், படம் வரும். ஆனால் அந்த இடைவெளியில் பொறி பறந்து போர்டு கருகும். அதனால் தட்டுவது வைத்தியமே இல்லை.

1990-களில் ஆர்.சி.ஏ. பெயரில் தாம்சன் விற்ற செட்டுகளில் டியூனரை மெயின் போர்டிலேயே வைத்தார்கள். அதன் தகர உறையின் பற்று விட்டதும் நினைவகச் சில்லில் இருந்த தகவல் குழம்பி, செட் தானே அணைந்தது. கூட்டு வழக்கு வரை போய், நிறுவனம் ஈடு தர உடன்பட்டது. அத்தனைக்கும் காரணம் கால் கிராம்கூடத் தேறாத ஈயம். விவரம் தெரிந்தவர்கள் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் தடவிப் புதிதாக வைத்து, சில்லையும் சரிசெய்தார்கள். மேலாக இன்னொரு சொட்டு வைத்து மூடியவர்களிடம் செட் மறுபடி வந்தது.

2006 ஜூலையில் ஐரோப்பா காரீயத்தைத் தடுத்தது. இன்றைய கலவைகளுக்கு ஏறத்தாழ 220 டிகிரி வேண்டும்.

பரணில் பழைய செட் வைத்திருப்பவர்கள், படித்த தைரியத்தில் பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.