இரண்டு எடைக்கற்கள்

சந்தையிலே ஒரு வணிகன். தராசு ஒன்றுதான், எடைக்கற்களோ இரண்டு வகை வைத்திருக்கிறான். விற்கும்போது ஒரு கல், வாங்கும்போது வேறு கல். கண்டுபிடித்துவிட்டால் ஊர் என்ன செய்யும்? "பாவம், பழகிவிட்டான்" என்று விட்டுவிடுமா? கல்லைப் பிடுங்கி எறியும். கள்ளன் என்று பெயரும் சூட்டும்.

அதே ஊர், ஆலை வாயிலிலும் அலுவலகத்திலும் வயல் வரப்பிலும் உழைப்பை நிறுக்க இரண்டு கற்கள் இருப்பதைக் கண்டும் வாய் திறப்பதில்லை. ஆடவன் கை உழைத்தால் ஒரு கல். பெண்ணின் கை உழைத்தால் மற்றொரு கல். ஏன் என்று கேட்டால், "தொன்றுதொட்டு வரும் வழக்கம்" என்பர். தொன்மை ஒன்றே நியாயமாகிவிடுமானால், உடன்கட்டை ஏற்றியதும் நியாயமாகியிருக்கும்!

இந்தக் கள்ளக் கற்கள் எப்படிச் செய்யப்பட்டன, எப்படிப் பிடுங்கப்பட்டன என்பதை அறிய, தொழிற்புரட்சி பிறந்த பிரிட்டனின் வரலாற்றைப் புரட்டுவோம். தொழிலாளர் தம் உரிமைக்காகச் சங்கம் கண்ட நாடு அது. பாராளுமன்ற முறைக்குத் தாயகம் என்று புகழப்படும் நாடு அது. அந்த நாட்டிலேயே பெண்ணின் உழைப்புக்குச் சரியான எடை கிடைக்க எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தால், ஆதிக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியது என்பது விளங்கும்.

1888-ஆம் ஆண்டிலேயே, பிரிட்டிஷ் தொழிற்சங்கப் பேராயத்தில் கிளமென்டினா பிளாக் என்னும் மாதரசி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பதே அது. பேராயம் ஏற்றுக்கொண்டது. தீர்மானம் ஏட்டில் ஏறிற்று, ஊதியம் ஏறவில்லை.

முதல் உலகப் போர் மூண்டது. ஆடவர் போர்முனை சென்றனர். அதுவரை "மென்மையானவள்" என்று வருணிக்கப்பட்ட பெண், வெடிமருந்துச் சாலையில் குண்டு நிரப்பினாள். பேருந்திலும் டிராமிலும் சீட்டுக் கொடுத்தாள். மென்மை எங்கே போயிற்று? தேவை வந்ததும் மறைந்துவிட்டது! 1918 ஆகஸ்டில், இலண்டன் போக்குவரத்தில் ஆடவருக்கு வாரம் 5 ஷில்லிங் போர்க்கால போனஸ் தரப்பட்டது. அதே வேலை செய்த பெண்களுக்கு இல்லை. வில்லெஸ்டன் பணிமனையிலே பெண்கள் வேலையை நிறுத்தினர். நெருப்பு பரவியது, நகரம் நகரமாகப் பெண்கள் வெளியேறினர். போனஸ் கிடைத்தது. ஆனால் போர் முடிந்து ஆடவர் திரும்பியதும், பெண்ணுக்குப் பழைய இடமே காட்டப்பட்டது.

ஆதிக்கம் தன் செயலுக்கு எப்போதும் ஒரு தத்துவம் வைத்திருக்கும். இங்கேயும் வைத்திருந்தது. "ஆடவன் குடும்பத்தைக் காப்பவன், ஆகவே அவனுக்கு அதிகம். பெண்ணின் வருவாய் கைச்செலவுக்கு. ஆகவே அவளுக்குக் குறைவு." கேட்பதற்குக் கருணைபோல் தோன்றும். பகுத்தறிவு என்னும் உரைகல்லில் உரைத்துப் பாருங்கள்! மணமாகாத வாலிபனுக்கு, குடும்பம் இல்லையே என்று எந்த முதலாளியாவது ஊதியத்தைக் குறைத்ததுண்டா? நான்கு குழந்தைகளைக் காப்பாற்றும் கைம்பெண்ணுக்கு, குடும்பம் இருக்கிறதே என்று உயர்த்தியதுண்டா? இல்லை. குடும்பத்தைக் கணக்கெடுத்துப் போட்ட ஊதியம் அன்று அது. பாலைப் பார்த்துப் போட்ட ஊதியம்.

இன்னொன்றும் இதில் மறைந்து கிடந்தது. மலிவான கை ஒன்று கிடைக்கும் வரையில், விலை கூடிய கைக்கும் பாதுகாப்பில்லை. பெண்ணுக்குக் குறைத்த கூலி, நாளை ஆணின் கூலியையும் குறைக்க முதலாளி கையில் கிடைத்த கத்தி. இதை உணராத தொழிலாளத் தோழர்கள், பெண்ணுக்குச் சம ஊதியம் என்றால் தங்கள் உணவில் மண் விழும் என்று அஞ்சினர். அந்த அச்சத்தால் ஆதாயம் அடைந்தவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1944-ஆம் ஆண்டு நடந்தது, நாடகத்தையும் விஞ்சும். காமன்ஸ் சபையில் கல்வி மசோதா விவாதத்தில் இருந்தது. ஆசிரியப் பணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வேண்டும் என்று தெல்மா கசலெட் கீர் என்னும் அம்மையார் திருத்தம் கொண்டுவந்தார். அவர் பிரதமர் சர்ச்சிலின் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர். மார்ச் 28-இல் வாக்கெடுப்பு. ஆதரவு 117, எதிர்ப்பு 116. ஒரே ஒரு வாக்கில் நீதி வென்றது! உலக விடுதலைக்காகப் போர் நடத்துவதாக முழங்கிய சர்ச்சில் என்ன செய்தார்? அந்தத் திருத்தத்தை நீக்குவதையே அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக்கினார். போர் நடக்கும் வேளையில் அரசைக் கவிழ்க்க யார் துணிவர்? இரண்டே நாளில் 425-க்கு 23 என்று அந்தத் திருத்தம் புதைக்கப்பட்டது. பிறகு ஓர் அரச விசாரணைக் குழு. 1946-இல் அதன் அறிக்கை. அறிக்கை வந்தது, ஊதியம் வரவில்லை.

மீண்டும் கிளர்ச்சி. 1954-இல் பெண் உறுப்பினர்கள் குதிரை வண்டிகளில் ஏறி, பல்லாயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பங்களைப் பாராளுமன்றத்திற்குக் கொண்டு சென்றனர். அவர்களில் ஒருவர் பார்பரா காசில். அவர் பெயரை நினைவில் வையுங்கள்; மறுபடியும் வருவார். அடுத்த ஆண்டு அரசு இறங்கி வந்தது. அரசு அலுவலர்க்கும் ஆசிரியர்க்கும் சம ஊதியம், அதுவும் தவணை தவணையாக, 1961 வரையில்! ஆலையிலே உழைத்த பெண்களோ அப்போதும் வெளியே நின்றனர்.

அவர்கள் முறை 1968-இல் வந்தது.

இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் டகன்ஹாம். போர்டு நிறுவனத்தின் மாபெரும் கார் தொழிற்சாலை அங்கே. கார் இருக்கைகளுக்கு உறை தைக்க 187 பெண்கள். புதிய ஊதியத் திட்டம் ஒன்றை நிறுவனம் வகுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தரம் கொடுத்தது. இந்தப் பெண்களுக்குக் கிடைத்தது "பி" தரம். கைத்தேர்ச்சி வேண்டாத வேலை என்பது அதன் பொருள். ஓரளவு தேர்ச்சி வேண்டிய வேலைக்கு உரிய "சி" தரம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. வேலைக்குச் சேரும்போதோ, இயந்திரத்தில் தைத்துக் காட்டித் தேர்வில் வென்ற பிறகே அவர்கள் உள்ளே விடப்பட்டனர்! திறமை இருக்கிறதா என்று சோதித்துச் சேர்த்தவர்களே, சேர்ந்த பிறகு திறமை தேவையில்லை என்றனர்.

அத்தோடு நின்றதா அநீதி? அந்தத் தாழ்ந்த தரத்திலும், ஆடவர் பெற்றதில் நூற்றுக்கு 85 பங்குதான் பெண்ணுக்கு. ஆக, அவர்கள் உழைப்பை நிறுத்த கற்கள் இரண்டு. நூற்றுக்கு 85 என்னும் கல் கண்ணுக்குத் தெரிந்தது. "இது திறமையற்ற வேலை" என்னும் கல் கண்ணுக்குத் தெரியாதது. பின்னதே கொடியது.

1968 ஜூன் 7-இல் அந்தப் பெண்கள் எழுந்தனர். ரோஸ் போலண்ட் போன்றோர் முன்னணியில் நின்றனர். தையல் இயந்திரங்கள் ஓய்ந்தன. லிவர்ப்பூல் அருகே ஹேல்வுட் தொழிற்சாலைப் பெண்களும் சேர்ந்தனர். திறமையற்ற வேலை என்றார்களே, அந்த வேலை நின்றதும் என்னவாயிற்று? இருக்கையில்லாத கார் எங்கே விற்கும்? மூன்று வாரத்தில் கார் உற்பத்தியே முடங்கிற்று. வேலையின்றி ஆடவரும் வீடு அனுப்பப்பட்டனர். எஃகு உருக்கும் உலைகளும் உருண்டோடும் சங்கிலித் தொடர்களும் கொண்ட ஆலையை, சின்னஞ்சிறு ஊசி நிறுத்திக் காட்டியது!

தொழில் அமைச்சராக அப்போது இருந்தவர், குதிரை வண்டியில் விண்ணப்பம் சுமந்த அதே பார்பரா காசில். ஜூன் 28-இல் அந்தப் பெண்களை அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினார். உடன்பாடு ஏற்பட்டது. 85 என்பது 92 ஆயிற்று. முழுச் சமத்துவத்திற்குச் சட்டம் செய்வதற்கான வழியும் திறந்தது. 1970-இல் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது.

வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் தோழர்களே, அந்தப் பெண்கள் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பதைக் கூர்ந்து பாருங்கள். அவர்கள் முதலில் கேட்டது, தங்கள் கைத்திறனைத் திறன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. அது கிடைக்கவில்லை. விசாரணை நடந்தது, தரம் உயரவில்லை. மீண்டும் ஒரு வேலைநிறுத்தம் செய்த பிறகே, 1984-இல், "சி" தரம் வந்தது. காசில் ஏழு பங்கைச் சேர்க்க மூன்று வாரம் போதுமாக இருந்தது. பெண்ணின் கையிலும் திறமை உண்டு என்று ஒப்புக்கொள்ளப் பதினாறு ஆண்டு பிடித்தது!

ஏன்? பெண்ணுக்குத் தைக்கத் தெரிவது இயற்கை என்று எண்ணினர். இயற்கையாக வருவதற்கு விலை எதற்கு என்று வாதித்தனர். அதே ஊசி ஆடவன் கையில் ஏறினால் அது தொழில், அவன் தையற்கலைஞன். பெண் கையில் ஏறினால் அது பிறவிக்குணம். செய்யும் தொழிலைப் பார்க்காமல் செய்பவரின் பிறப்பைப் பார்த்து மதிப்பிடும் இந்தத் தருக்கம் நமக்குப் புதிதா? வருணாசிரமம் என்ற பெயரில் நம்மை நூற்றாண்டுக் கணக்கில் நிறுத்த தராசும் இதுவே அல்லவா?

சட்டம் வந்த பிறகும் கள்ளக் கல் வேறு வடிவம் எடுத்தது. 1970-இல் நிறைவேறிய சட்டம் 1975 டிசம்பர் 29 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் அவகாசம்! வேலையின் பெயரை மாற்றவும், ஆண் பெண் வேலைகளைத் தனித்தனியே பிரித்து வைக்கவும் முதலாளிகளுக்கு அது போதாதா? ஒரே வேலை என்றால்தானே ஒரே ஊதியம்? பெயரை மாற்றினால் வேலையும் வேறாகிவிடுகிறது! 1982-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் குறையைச் சுட்டியது. அதன் பின்னர், 1984 முதல், வேலைகள் வேறாக இருப்பினும் மதிப்பில் சமமானால் ஊதியமும் சமம் என்ற விதி வந்தது. பர்க்கன்ஹெட் கப்பல் கட்டும் தளத்தில் சமைத்த ஒரு பெண், தம் வேலை அங்குள்ள வண்ணம் பூசுபவர், தச்சர் ஆகியோரின் வேலைக்கு ஈடானது என்று வழக்குத் தொடுத்தார். திறமை, பொறுப்பு, உடலுழைப்பு என ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தனர். ஈடானதே என்று கண்டனர். அந்தப் பெண் விடாமல் மேலே மேலே சென்றார். 1988-இல் பிரபுக்கள் சபையே அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டுக் கணக்கு என்ன? சம வேலைக்குச் சம ஊதியம் என்ற நெறியை 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 39-ஆம் பிரிவு கூறிற்று. 1951-இல் உருவான பன்னாட்டுத் தொழில் அமைப்பின் உடன்படிக்கையை, பிரிட்டன் 1971-இல்தான் ஏற்றது. இந்தியா 1958-லேயே ஏற்றுவிட்டது. ஆனால் சட்டம் வந்ததோ 1976-இல். 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த நெறி இடம்பெற்றது. ஏட்டில் நாம் பின்தங்கவில்லை, நடப்பில்?

பம்பாயில் ஒரு கப்பல் நிறுவனம். ஆண் சுருக்கெழுத்தாளர்க்கு ஒரு சம்பளம். பெண் சுருக்கெழுத்தாளர்க்குக் குறைந்த சம்பளம். கேட்டபோது, அந்தப் பெண்கள் உயர் அதிகாரிகளின் அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்கள், அவர்கள் பதவியே வேறு என்றது நிறுவனம். அந்தரங்கப் பொறுப்பு கூடினால் சம்பளமும் கூடவேண்டும், இங்கே குறைந்தது! அதே பெயர் மாற்றும் வித்தை! 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. நிறுவனத்தின் பணவசதி குறைவு என்பதும் சட்டத்திலிருந்து தப்பும் வழியாகாது என்றது.

நீதிமன்றப் படி ஏற முடிந்தவர் கதை அது. நம் வயல்களைப் பாருங்கள். ஏர் பிடிப்பது ஆண் வேலை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண் வேலை. முன்னதற்குக் கூலி அதிகம். பின்னது "இலேசான வேலை". காலை முதல் சேற்றில் நின்று, குனிந்த முதுகு நிமிராமல், வரிசை பிசகாமல், வேர் நோகாமல் நடுகிறாளே, அது இலேசா? இலேசு என்று தீர்ப்புச் சொன்னவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், குனிந்து பார்க்கட்டும்!

ஆகவே, இளைஞர்களே, கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர். இந்த வேலைக்கு இந்தப் பெயரை வைத்தவர் யார்? இதை இலேசு என்று அளந்தவர் யார்? இதே வேலையை நாளை ஓர் ஆடவன் செய்தால் என்ன கொடுப்பீர்? இந்த மூன்று கேள்விகளை ஆலையில் கேளுங்கள், சங்கக் கூட்டத்தில் கேளுங்கள், உங்கள் வீட்டுத் திண்ணையிலும் கேளுங்கள். தங்கை தைத்தால் திறமை, தாய் சமைத்தால் திறமை என்று முதலில் நம் வாய் சொல்லப் பழகட்டும்.

டகன்ஹாமின் பெண்கள் பேரறிஞர்கள் அல்லர், பெருஞ்செல்வர்கள் அல்லர். தங்கள் கையின் மதிப்பைத் தாங்களே அறிந்தவர்கள். அந்த அறிவு பரவிய இடத்தில் கள்ளக் கற்களுக்கு இடமில்லை. தராசு ஒன்றிருக்கட்டும், எடைக்கல்லும் ஒன்றே இருக்கட்டும்!