மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம்

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்குல இருந்து ஆரம்பிக்கலாம். சென்னை விமான நிலையத்துல இருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டுல சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தோட பலாலி விமான நிலையம்? சுமார் 355 தான். அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து நாலு வரி கோட் எழுதினா நீங்களே சரிபார்த்துக்கலாம். வேற நாடு, நடுவுல கடல். ஆனாலும் மதுரையை விட பக்கம்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10, ஏர் சிலோன் நிறுவனத்தோட முதல் விமானம் கொழும்பு இரத்மலானையில கிளம்பி, காங்கேசன்துறை வழியா மெட்ராஸ் வந்தது. காங்கேசன்துறைன்னு சொன்னது இந்தப் பலாலியைத்தான். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் ரெண்டு மாசம் இருந்தது. அதாவது அந்த நிறுவனம் பறந்த முதல் பாதையே யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் இணைச்ச பாதை.

1970-களோட கடைசியில ஏர் சிலோன் மூடப்பட்டது, இந்த சேவையும் நின்னுபோச்சு. 1983-ல போர். பலாலி ராணுவத் தளமா மாறுச்சு. 1990-ல சுத்தியிருந்த ஊர்க்காரங்க வீடு, தோட்டம், கோயில் எல்லாத்தையும் விட்டுட்டு இடம்பெயர்ந்தாங்க. அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆச்சு.

இப்போ யாழ்ப்பாணத்துல இருக்கிற ஒருத்தருக்குச் சென்னையில ஒரு கல்யாணம்னு வைங்க. அவர் போக வேண்டியது வடக்கே 355 கிலோமீட்டர். ஆனா முதல்ல தெற்கே, கொழும்புக்கு, சாலையில சுமார் 400 கிலோமீட்டர் போகணும். ஒரு ராத்திரி பஸ்ஸுலயே போயிடும். அப்புறம் கட்டுநாயக்காவுல இருந்து சென்னைக்கு 650 கிலோமீட்டர் விமானம், பாதி வழி வந்த பாதையிலயே திரும்பி! இது அமைதியான காலத்துக் கணக்கு. போர்க் காலத்துல ஏ9 சாலை வருஷக்கணக்குல மூடியே கிடந்தது.

2019 அக்டோபர் 17-ல பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாத் திறந்தது. நவம்பர் 11-ல அலையன்ஸ் ஏர் சென்னையில இருந்து பறக்க ஆரம்பிச்சது. நாலே மாசத்துல கொரோனா, மறுபடியும் நின்னுச்சு. 2022 டிசம்பர் 12-ல திரும்ப வந்தது. 2024 செப்டம்பர் 1-ல இண்டிகோவும் சேர்ந்தது.

இந்தப் பாதையில பறக்கிறது ஏடிஆர் 72, புரொப்பல்லர் விமானம். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம். கணக்குப்படி 45 நிமிஷம்கூட ஆகக் கூடாது. ஓடுபாதைக்கு உருண்டு போறது, மேலே ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம்னு வருது.

1947-லயும் இன்னைக்கும் அந்த 355 மாறல. நடுவுல நாற்பது வருஷம் அதை ஒன்றரை நாள் பயணமா ஆக்கினது கடல் இல்ல, போரும் அரசியலும்தான். இப்பவும் பலாலியில இறங்கும்போது ஜன்னல் வழியா ஓடுபாதையைச் சுத்திப் பாருங்க. அந்தக் காணிகள்ல சிலதுக்கு உரிமையாளர்கள் இன்னும் திரும்பி வரல. அவங்க ஊர், அவங்க இருக்கிற இடத்துல இருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.