பாஸ்டன் மீனின் ஈரல்

ஈரல் துண்டை மெழுகில் பதித்து, ஐந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிடுவது என் தொழில். மனிதன், மாடு, மீன் என்று எல்லா ஈரலும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு நகரம் கடலுக்குச் செய்ததை மீனின் ஈரலில் படிக்க முடியும் என்று என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் பாஸ்டன் துறைமுகத்தைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

1884 முதல் அந்த அமெரிக்க நகரம் மூன் தீவில் கழிவுநீரைத் தேக்கி, ஓதம் இறங்கும் நேரம் பார்த்துக் கடலில் திறந்துவிட்டது. 1952இல் நட் தீவிலும் 1968இல் டீர் தீவிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அங்கும் கசடைப் படியவைத்ததோடு சரி. படிந்த கசடு மறுபடி கடலுக்கே போனது. ஆலைக் கழிவும் அதே குழாய்களில்தான் வந்தது.

கசடு படிந்த அந்தத் துறைமுகச் சேற்றில் விண்டர் ஃப்ளவுண்டர் என்ற மீன் படுத்துக் கிடந்தது. நம் நாக்கு மீன்போலத் தட்டையானது. இரண்டு கண்ணும் வலப்பக்கம். சேற்றுப் புழுவைத் தின்று வாழ்வது. தின்றதிலுள்ள நஞ்சைப் பிரித்தெடுக்கும் வேலை ஈரலுக்கு. எண்ணெய், தார் வகை நஞ்சுகளை வெளியேற்றும் முயற்சியில் அதே ஈரல் அவற்றை மரபணுவைத் தாக்கும் பொருளாகவும் மாற்றிவிடுகிறது. மீனின் தோலில் வரும் கட்டிகளில் பல வைரஸால் வருபவை. அதனால் மாசைத் தேடுகிறவர்கள் தோலைவிட ஈரலையே நம்புகிறார்கள்.

1985இல் முர்ச்செலானோ, வோல்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: டீர் தீவுத் திட்டில் பிடித்த 200 மீன்களில் நூற்றுக்கு எட்டின் ஈரலில் கட்டி. கட்டி வருமுன்பே தெரியும் மாற்றம் ஒன்றும் உண்டு. இளஞ்சிவப்பாகச் சாயமேறிய திசுவுக்கு நடுவே, பித்தநாளத்தை ஒட்டிய செல்கள் நீர்கோத்து உப்பி, வெளிறித் தெரியும். பழகிய கண்ணுக்கு அது தப்பாது.

துறைமுக மாசை எதிர்த்து வழக்குகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. 1982இல் அண்டை நகரமான குவின்சி நீதிமன்றம் போனது. 1985இல் கூட்டரசு நீதிபதி டேவிட் மசோன் துறைமுகத்தைச் சுத்தப்படுத்தும் பொறுப்பைத் தன் கண்காணிப்பில் வைத்துக்கொண்டார். 1991 டிசம்பரில் கசடு கொட்டுவது நின்றது. அதன்பின் டீர் தீவில் முழுமையான சுத்திகரிப்பு வந்தது. 2000இல், சுத்திகரித்த நீரைக் கரையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி வெளியேற்றும் சுரங்கக் குழாயும் திறந்தது. நோய் வெளிக்கடலுக்கு இடம்பெயரும் என்று கேப் காட் தீபகற்ப மக்கள் அஞ்சியது நியாயமான பயம்தான்.

அந்தப் பயத்துக்கு விடை சொன்னது ஈரல்தான். துறைமுகத்தில், குழாய் வாயருகே, தொலைவான கேப் காட் விரிகுடாவில் என்று இடத்துக்கு 50 மீன் பிடித்து, ஆண்டுதோறும் அறுத்துப் பார்த்தார்கள். குழாய் வாயில் நோய் பெருகவில்லை. துறைமுகத்து மீன்களிலும், நான் வாசித்த அறிக்கைகளின்படி, 2004க்குப் பிறகு ஈரல் கட்டி தென்படவில்லை. இந்தத் தொடர்ச்சியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1985இன் கட்டுரையோடு எல்லாரும் ஓய்ந்திருந்தால், துறைமுகம் தேறியதை யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

கடலோரக் கல்லூரிகளில் மீனை அறுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஈரலைக் குப்பையில் போடாதீர்கள். ஃபார்மலினில் இட்டு, இடம், தேதி, மீனின் நீளம் மூன்றையும் பென்சிலால் எழுதிப் போடுங்கள், மை கரைந்துவிடும். அடுத்த ஆண்டும் அதே மாதம், அதே இடத்தில், அதே இன மீனை எடுங்கள்.