பஸ் ஏறுறதுக்கு முன்னாடி மூணு தடவை பாத்ரூமா? ஐ.பி.எஸ் குடலும் நம்ம ஊர் சாப்பாடும்

வில்லியனூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு பத்து கிலோமீட்டர்தான். ஆனா, அந்தப் பயணத்துக்குப் பயந்தே காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறவங்க இருக்காங்க. சாப்பிட்டா வயிறு கலக்கும்; நடுவழியில எங்கே இறங்குறது? பாகூரிலிருந்து காலேஜுக்குப் போற பொண்ணுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். வீட்ல சொன்னா 'உடம்பு சூடு'ன்னு சொல்வாங்க, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா சிரிப்பாங்க. ஸ்கேன் எடுத்தா எல்லாம் நார்மல்னு வரும்.

இதற்கு ஐ.பி.எஸ் என்று பெயர். குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலுக்கும் மூளைக்கும் நடுவில் ஓடுகிற தகவல் தொடர்பில்தான் கோளாறு. சாதாரண வாயுகூட அந்தக் குடலுக்கு வலியாகத் தெரியும். கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி. மலம் கழிக்கும்போது அந்த வலி கூடுவது அல்லது குறைவது. போகும் தடவையிலும் மலத்தின் தன்மையிலும் மாற்றம். டாக்டர்கள் பார்க்கிற அடையாளம் இதுதான். கடுமையான வயிற்றுப்போக்கு வந்து போனபிறகு, சுமார் பத்தில் ஒருவருக்கு இது ஒட்டிக்கொள்கிறது.

காரத்தை நிறுத்தினா போதுமா?

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது அதுதான். மிளகாய் சிலரைத் தூண்டும், உண்மைதான். ஆனா நிறைய பேருக்கு நிஜக் குற்றவாளி வெங்காயமும் பூண்டும். இவற்றிலுள்ள ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகிறது. கோதுமையிலும் இது உண்டு. பருப்பு, காராமணி, பாலில் உள்ள லாக்டோஸ், மாம்பழம், தர்பூசணி எல்லாம் இதேபோல வேலை காட்டக்கூடியவை. இவற்றைத்தான் 'ஃபாட்மேப்' என்று ஒரே பெயரில் அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய உணவுமுறை அது.

அதுக்காக ஓட்ஸும் புரோக்கோலியும் தேடி டவுனுக்கு ஓட வேண்டாம். பாகூர் வயலில் விளையுற அரிசியே குடலுக்கு ரொம்ப சாது. சிறுகுடலிலேயே பெரும்பாலும் செரிச்சிடும், வாயு குறைவு. கத்திரிக்காய், கேரட், பீன்ஸ், வெள்ளரிக்காய் அளவா சாப்பிடலாம். முட்டை, மீன் பிரச்னையில்லை. பண்ருட்டி முந்திரி வம்பு பண்ணலாம்; வேர்க்கடலை பண்ணாது.

ஒரு சமையல் ரகசியம்: ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால சாம்பாரில் வெந்த வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துப் போட்டுட்டு சாப்பிட்டாலும் பலன் இல்லை, அது ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும். பூண்டை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துட்டு அந்த எண்ணெயில் தாளிச்சா வாசனை வரும், வயிறு உப்பாது.

இப்போ பழைய சோறு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோய்களுக்கு இது உதவுமா என்று ஆய்வே எடுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனா நாம அதுக்குத் தொட்டுக்கிறது பச்சைச் சின்ன வெங்காயம்! 'பழைய சோறு எனக்கு ஒத்துக்கல'ன்னு சொல்றவங்க, ஒரு வாரம் வெங்காயம் இல்லாம சாப்பிட்டுப் பார்க்கலாம். ஆறின சோற்றில் எளிதில் செரிக்காத ஸ்டார்ச் கொஞ்சம் கூடும் என்பதால், அப்படியும் உப்பினால் விட்டுவிடுங்கள்.

எல்லாத்தையும் ஒரேயடியா வாழ்நாளுக்கும் ஒதுக்குறதுதான் பெரிய தப்பு. சந்தேகப்படுவதை நாலு வாரம் நிறுத்துங்க. மாற்றம் தெரிஞ்சா ஒவ்வொண்ணா திரும்பச் சேருங்க, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூணு நாள் இடைவெளி விட்டு. எது, எவ்வளவு, எப்போ வலின்னு போன் நோட்ஸ்ல எழுதி வைங்க. நாலு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாம். ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள் டயட்டீஷியனைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இசப்கோல் உதவும். சின்ன அளவில் தொடங்கி, நிறைய தண்ணீரோடு. 'குடல் சுத்தம்' என்று ஆன்லைனில் விற்கிற பொடிகள் பலவற்றில் இருப்பது நிலாவாரை. இயற்கைதான், ஆனா குடலை முறுக்கித் தள்ளுகிற பேதி மருந்து. ஐ.பி.எஸ் வயிற்றுக்கு அதைத் தினமும் கொடுப்பது வேண்டாத வேலை.

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குச் சாப்பாட்டைவிடத் தூக்கம்தான் பெரிய சிக்கல். ஷிஃப்ட் மாறினாலும் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கொஞ்சமாவது சாப்பிட்டு, அவசரமில்லாமல் பத்து நிமிஷம் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதை வீட்டிலேயே முடித்துவிட்டால் பஸ்ஸில் பயமில்லை. டீ, காபி மூணு கப்போட நிறுத்திக்கலாம். சரக்கு? புதுச்சேரியில விலை குறைவுங்கிறதுக்காகக் குடல் தள்ளுபடி தராது. தினமும் அரை மணி நேர நடை, மெதுவான மூச்சுப்பயிற்சி இரண்டும் பலருக்கு வலியைக் குறைக்கின்றன.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய பிரச்னை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய்... இதில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எதையும் முயன்று நாளைக் கடத்தாதீர்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் ஐ.பி.எஸ் வேஷம் போடும். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து ஜிப்மரின் குடல்நோய்ப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். போகும்போது அந்த போன் நோட்ஸையும் டாக்டரிடம் காட்டுங்க.